அஞ்சி ஒடுங்கும் தத்து நாய்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டு சரிசெய்யும் முறை

தெருவிலிருந்து மீட்கப்பட்டுச் சில மாதங்கள் காப்பகத்தில் இருந்த, ஒன்றிரண்டு வயது நிரம்பிய நாட்டு நாயை அடுக்குமாடி வீட்டுக்குத் தத்தெடுத்து வந்திருப்பவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். குட்டியிலேயே எடுத்து வளர்த்த நாய்க்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 3ஆவது வாரம் தொடங்கி 12 முதல் 14ஆவது வாரம் வரை ஒரு குட்டி எவற்றையெல்லாம் அச்சமின்றிக் கண்டு பழகுகிறதோ, அவற்றையே வளர்ந்த பின்பும் இயல்பானவையாக ஏற்றுக்கொள்கிறது. தெருவில் பிறந்த குட்டி அந்த வாரங்களில் ஆட்டோவையும் தண்ணீர் லாரியையும் டீக்கடைக் கூட்டத்தையும் பார்த்திருக்கும். மிக்ஸியையும் லிஃப்டையும் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியையும் பார்த்திருக்காது. ஆகவே வீட்டுக்குள் நடுங்கும் நாயைக் கண்டவுடன் யாரோ அதை அடித்துக் கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அடிபட்ட நாய்களும் உண்டுதான். ஆனால் நம் வீடு என்பது இன்னதென்றே தெரியாததால் நடுங்கும் நாய்களும் நிறைய உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் நாம் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

பயம் என்று நாம் நினைப்பது நோயாக இருக்கலாம். நம் ஊரின் வெப்பத்தில் நாய் உண்ணி ஆண்டு முழுவதும் இருக்கிறது. அது பரப்பும் உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து மூலையில் படுத்துக் கிடக்கும், உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், தொட்டால் விலகும். பார்ப்பவருக்கு அது கூச்ச சுபாவமாகவே தோன்றும். அதேபோல் வண்டியில் அடிபட்டுத் தானாகக் கூடிய எலும்பு, இடுப்பு வலி, காதுப் புண், உடைந்த பல் ஆகியவற்றை உடைய நாய் நம் கை நீளும்போது அஞ்சுவது கைக்காக அன்று, கை பட்டால் வலிக்கும் என்பதற்காக. எனவே வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனையும் வெறிநோய்த் தடுப்பூசி நிலவரமும் பார்த்துவிடுவது நல்லது. நாய் மிகவும் மிரண்டிருந்தால் மருத்துவரை வீட்டுக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவதாக, நாயின் பயத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். வால் மட்டும் போதாது. உதட்டை நக்கிக்கொள்வது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும்படி ஓரக்கண்ணால் பார்ப்பது, வெயிலில்லாமலே மூச்சிரைப்பது, முன்னங்காலில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உறைந்து நிற்பது ஆகிய எல்லாம் பயத்தின் மொழி. இவற்றையெல்லாம் படித்துத் தேர்வதற்கு நாள் பிடிக்கும் என்பதால், அதுவரை ஒரே ஒரு சோதனையைக் கைக்கொள்ளலாம்: மசாலாவும் உப்பும் சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டையோ ஈரல் துண்டையோ அருகில் போடுங்கள். நாய் மெதுவாக எடுத்துத் தின்றால் அந்தச் சூழல் அதற்குத் தாங்கும். வெடுக்கென்று பிடுங்கி விழுங்கினால் எல்லை நெருங்கிவிட்டது. பசியோடிருந்தும் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் எல்லையைத் தாண்டிவிட்டோம்; அங்கே எந்தப் பயிற்சியும் ஏறாது, விலகிப் போவது ஒன்றே வழி. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்தச் சோதனையைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறோம். திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் தின்பண்டமாக அவற்றை எந்த நிலையிலும் தரலாகாது.

அறிகுறி: மூலையை விட்டு அசையவில்லை, சாப்பிடவும் இல்லை

வந்த முதல் சில நாட்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. காப்பகத்தார் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு: 3 நாளில் அதிர்ச்சி சற்றுத் தணியும், 3 வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், 3 மாதத்தில் இது தன் வீடு என்று தோன்றத் தொடங்கும். இது கைக்கணக்கே தவிர விதியன்று. மிகவும் அஞ்சிய நாய்க்கு 3 மாதம் என்பது தொடக்கமாகக்கூட அமையலாம்.

செய்ய வேண்டியது மிகக் குறைவு என்பதுதான் இதிலுள்ள சிரமம். ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையில், இரண்டு பக்கம் சுவர் இருக்கும் மூலையில், பழைய கெட்டிப் போர்வையை விரித்து, அதன் மேல் ஒரு மேசையையோ அட்டைப் பெட்டியையோ வைத்துக் குகைபோல ஆக்கிக் கொடுங்கள். தண்ணீரும் உணவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பால்கனியை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மிரண்ட நாய் எந்த உயரத்திலிருந்தும் குதிக்கும். உறவினரும் பக்கத்து வீட்டாரும் "புது நாய் வந்திருக்காமே" என்று பார்க்க வருவதை இரண்டு வாரத்துக்காவது பணிவோடு தள்ளிப் போடுங்கள். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டால் காலைப் பிடித்து வெளியே இழுப்பது, கழுத்துப் பெல்ட்டைப் பற்றி இழுப்பது ஆகியவை பல நாள் முயற்சியை ஒரே நிமிடத்தில் வீணாக்கும்.

நாளுக்கு இரண்டு மூன்று முறை அந்த அறைக்குள் சென்று, நாய்க்குப் பக்கவாட்டில், அதன் முகத்தைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து செய்தித்தாளையோ புத்தகத்தையோ தாழ்ந்த குரலில் வாசியுங்கள். எழுந்து போகும்போது ஐந்தாறு ஈரல் துண்டுகளை நாயின் பக்கமாக உருட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் வெளியேறுங்கள். நாம் போன பிறகே அது தின்னும், அது போதும். எங்கள் வீட்டுக்கு வந்த செவலை 9 நாள்கள் நான் இருக்கும்போது வாயைத் திறக்கவில்லை. பத்தாம் நாள், நான் வாசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு துண்டை எடுத்துத் தின்றது. நான் மகிழ்ச்சியில் திரும்பிப் பார்த்தேன். உடனே மேசைக்கு அடியில் போய்விட்டது. நம் மகிழ்ச்சியையும் சற்று அடக்கி வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. வளர்ந்த நாய் 24 மணி நேரம் தண்ணீரே குடிக்காவிட்டாலும், 48 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டாலும், வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டாலும் அதைப் பயக்கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட ஓர் அறைக்குள் கால் வைக்க மறுக்கிறது

முதலில் தரையைப் பாருங்கள். மண்ணிலும் தாரிலும் நடந்து வளர்ந்த நாய்க்கு வழவழப்பான டைல்ஸ் தரை பனிக்கட்டியைப் போன்றது. ஒருமுறை நான்கு காலும் விரிந்து விழுந்துவிட்டால் அந்த அறையையே வெறுத்துவிடும். தேங்காய் நார் மிதியடிகளையோ ரப்பர் விரிப்புகளையோ ஒன்றை அடுத்து ஒன்றாகப் போட்டுப் பாதை அமைத்துவிட்டு, நாய் பழகப் பழக அவற்றின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நகம் நீண்டிருந்தால் வெட்டிவிடுங்கள். தரை சரியாக இருந்தும் மறுத்தால் தலைக்கு மேலே பாருங்கள்: பல நாய்களுக்கு மின்விசிறிதான் காரணம். விசிறியை நிறுத்தி வைத்து உள்ளே வரப் பழக்கி, பிறகு மிகக் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் அரண்டு ஓடுகிறது

1924ஆம் ஆண்டு மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கிய முறையை வெளியிட்டார். சிறுவன் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டில் அடைத்த முயலை அவன் கலவரப்படாத தொலைவில் வைத்து, நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். இறுதியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். இன்று அஞ்சும் நாய்களுக்குச் செய்யும் பயிற்சியின் அடிப்படையும் இதுவே: அஞ்சும் பொருளைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்து, அதன் பின்னாலேயே மிகவும் பிடித்த ஒன்று வரும்படி செய்வது.

இதில் பலர் தவறுவது வரிசையில். முதலில் சத்தம், அது கேட்ட ஒரு நொடிக்குள் ஈரல். இதுதான் சரியான வரிசை. ஈரலைக் காட்டி நாயை வரவழைத்துவிட்டு மிக்ஸியைப் போட்டால், ஈரல் வந்தால் மிக்ஸி அலறும் என்றுதான் அது கற்கும். சில நாளில் ஈரலைக் கண்டாலே ஓடும். மிக்ஸியின் ஓசையைக் கைபேசியில் பதிவு செய்து, நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுச் சும்மா இருக்கும் அளவுக்குக் குறைத்து ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு போடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம். சத்தம், நெருக்கம், நேரம் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். சத்தத்தைக் கூட்டும் அன்று தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களில் உண்மையான மிக்ஸியைப் போடாமல் சமையல் நடக்காது என்பதால், நாயை மொட்டை மாடிக்கோ தள்ளியுள்ள அறைக்கோ ஒருவர் அழைத்துச் சென்ற பிறகு சட்னி அரைப்பது நலம். பயிற்சி ஒரு பக்கமும் பழைய அதிர்ச்சி மறுபக்கமுமாக நடந்தால் முன்னேற்றம் இருக்காது.

பழகட்டும் என்று நாயைச் சமையலறையிலேயே கட்டிவைப்பவர்கள் உண்டு. அப்படிக் கட்டப்பட்ட நாய் சில நாளில் அசையாமல் படுத்துவிடும். அது பழக்கமன்று, தப்ப வழியில்லை என்று கைவிட்ட நிலை. ஈரலைப் போட்டுப் பாருங்கள், தின்னாது.

அறிகுறி: கை நீட்டினால் ஒடுங்குகிறது, குனிந்தால் ஓடுகிறது

தெருநாயின் அனுபவத்தில் குனியும் மனிதன் கல்லை எடுக்கிறான். கீழே விழுந்த சாவியை எடுக்க நாம் குனிந்தாலும் அது அப்படித்தான் புரிந்துகொள்ளும். துடைப்பம், கம்பு, ஹெல்மெட் அணிந்த தலை, தோளில் மடித்த குடை ஆகிய எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே. துடைப்பத்தைத் தரையில் கிடத்தி அதைச் சுற்றித் தின்பண்டம் இறைத்து வைப்பதிலிருந்து தொடங்கலாம். அசையாத துடைப்பம், அசையும் துடைப்பம், நின்றுகொண்டு பெருக்கும் ஆள் என்று வாரக்கணக்கில் முன்னேறலாம்.

தொடுவதைப் பொறுத்தவரை முடிவை நாயிடம் விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையோடு ஒட்டி வைத்துக் காத்திருங்கள். அதுவாக வந்து முகர்ந்தால் முகரட்டும். உடனே தடவப் பாய வேண்டாம். சில நாள் கழித்து, தலைக்கு மேல் கையைக் கொண்டு போகாமல், நெஞ்சிலோ கழுத்தின் பக்கத்திலோ மூன்று நொடி மட்டும் வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நாய் நெருங்கினால் இன்னும் மூன்று நொடி. விலகினால் அன்றைக்கு அவ்வளவுதான். தான் வேண்டாமென்றால் அது நிற்கும் என்று தெரிந்த நாய்தான் வேண்டும் என்று கேட்டு வரும். அஞ்சும் நாய்க்குத் தன்னம்பிக்கை என்பது பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது.

வீட்டில் பெண்களிடம் வந்துவிட்டு ஆண்களைக் கண்டால் ஓடுகிறது என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. உயரம், தாழ்ந்த கனத்த குரல், வேகமான நடை ஆகியவை காரணமாகலாம். இதற்காக அவரை மனம் வாட விடாமல், வேளைச் சோறு வைக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் கையிலிருந்து வாங்கித் தின்னும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. பசிக்காகக் கைக்கு அருகில் வந்துவிட்டு, தின்று முடித்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து மிரளும் நாய் கடிக்கவும் கூடும். தின்பண்டத்தை நாயைத் தாண்டிப் பின்னால் விழும்படி எறிவது இதற்கு நல்ல மாற்று: அது விலகிப் போய்த் தின்னும், பிறகு தானாகத் திரும்பி வரும். அப்படித் திரும்புவது அதன் சொந்த முடிவு.

அறிகுறி: ஆளைக் கண்டதும் சிறுநீர் கழித்துவிடுகிறது

உடலைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கொஞ்சமாகச் சிறுநீர் விட்டால் அது பணிவின் சைகை. திட்டினால் கூடும். வீட்டுக்குள் நுழையும்போது ஐந்து நிமிடம் நாயைக் கவனிக்காததுபோல இருந்துவிட்டால் பெரும்பாலும் குறைந்துவிடும். இதற்கு மாறாக, வெளியே போக அஞ்சி நாள் முழுவதும் அடக்கிக்கொள்ளும் நாய்க்கு, அகன்ற தட்டில் மண்ணைப் பரப்பி, கம்பி வலையால் முழுவதும் அடைக்கப்பட்ட பால்கனியிலோ குளியலறை மூலையிலோ வைத்துக் கொடுங்கள். தெருநாய்க்கு மண்தான் தெரிந்த இடம். ஒரு நாள் முழுவதும் சிறுநீரே வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: வாசலைத் தாண்ட மறுக்கிறது, தெருவில் படுத்துவிடுகிறது

தெருவிலேயே பிறந்த நாய்க்குத் தெருவில் என்ன பயம் என்று கேட்பார்கள். அதன் தெரு வேறு, இது வேறு. இங்கே எல்லை வகுத்து ஆளும் நாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தனக்கோ ஓடித் தப்ப முடியாதபடி கயிறு இருக்கிறது. இந்த நிலையில் அது அஞ்சாவிட்டால்தான் வியப்பு.

முதலில் கருவி. கழுத்துப் பெல்ட்டை மட்டும் நம்பி அஞ்சும் நாயை வெளியே கொண்டு போகாதீர்கள். நாட்டு நாயின் தலை கழுத்தைவிட அதிகம் அகன்றதன்று. பின்னோக்கி இழுத்தால் பெல்ட் காதைத் தாண்டி உருவிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி வரும் ஹார்னெஸ் ஒன்று, கழுத்துப் பெல்ட் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு அல்லது இரண்டையும் இணைக்கும் கொக்கி என்று இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் தளர்வு இருக்கலாம். இழுத்தால் நீண்டு பின் தானே சுருளும் கயிறு வேண்டாம்; கை நழுவினால் அதன் பிடி தரையில் உரசிக்கொண்டு பின்னாலேயே துரத்தும், நாய் சாலையில் கண்மண் தெரியாமல் ஓடும். பெல்ட்டில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு மாட்டப்பட்டிருக்கட்டும். இவற்றையெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் அணிவித்துப் பழக்குங்கள்.

பிறகு வாசல். கதவைத் திறந்து வைத்து உள்பக்கமே ஈரலைப் போட்டு உட்கார்ந்திருப்பது முதல் நாளைய நடை. அடுத்தது வாசற்படி, அடுத்தது மாடிப்படியின் முதல் திருப்பம். நாய் முன்னே போனால் நாம் பின்னே. அது நின்றால் நாமும் நிற்க வேண்டும். அது வீட்டை நோக்கித் திரும்பினால் மறுபேச்சின்றி வீட்டுக்கு. கயிற்றை இறுக்கி இழுத்தாலோ தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் இறக்கிவிட்டாலோ அன்று தெருவுக்குப் போய்விடலாம். மறுநாள் ஹார்னெஸைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில் ஒளியும். லிஃப்டைத் தனிப் பாடமாக வைத்துக்கொண்டு, முடிந்தவரை படியையே பயன்படுத்துங்கள். கைப்பிடிச் சுவர் போதிய உயரமுள்ள மொட்டை மாடியும், வண்டிகள் வெளியே போய்விட்ட பகல் நேரத்து வாகன நிறுத்துமிடமும் தெருவுக்கு முந்தைய நல்ல வகுப்பறைகள். காவலாளியிடம் முன்பே சொல்லி வையுங்கள்: நாயைக் கூப்பிட வேண்டாம், கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும் என்று.

தெருவில் அது படுத்துவிட்டால் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். தின்பண்டச் சோதனை செய்யுங்கள். தின்னாவிட்டால் கயிற்றைத் தளர்த்தி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, அது மூச்சைச் சீராக்கிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். வெளியே போவதைவிட, பழைய துணியைச் சுருட்டி அதன் மடிப்புகளில் கோழித் துண்டுகளை ஒளித்து வைத்து வீட்டிலேயே முகர்ந்து தேடவிடும் இருபது நிமிடம் அந்த நாளுக்கு அதிகப் பயன் தரும். தினமும் நடக்கப் போயே ஆக வேண்டும் என்பது துணிந்த நாய்களுக்கான அறிவுரை. வீட்டில் ஏற்கெனவே சாந்தமான, வெளி உலகுக்குப் பழகிய நாய் இருந்தால், அதை முன்னே நடக்கவிட்டுப் பின்தொடரச் செய்வது நாம் செய்யும் எந்தப் பயிற்சியையும்விட வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: உறுமுகிறது, பல்லைக் காட்டுகிறது

இதைத் தண்டிக்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, உடல் விறைப்பது, உறுமுவது, காற்றில் கவ்வுவது, கடிப்பது என்று நாய் படிப்படியாகத்தான் போகும். உறுமியதற்காக அடி வாங்கிய நாய் அந்தப் படியை விட்டுவிடும். கடியின் தேவை அப்படியே இருக்கும். "முன்னறிவிப்பே இல்லாமல் கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் நாய்களில் சில இப்படி உருவாக்கப்பட்டவை. உறுமினால் அப்படியே நின்று, பார்வையைத் தாழ்த்தி, மெதுவாகப் பின்வாங்குங்கள். பிறகு உட்கார்ந்து யோசியுங்கள்: அப்போது எவ்வளவு அருகில் இருந்தோம், அதன் வாயில் என்ன இருந்தது, அது தூங்கிக்கொண்டிருந்ததா, ஓடிப் போக வழி இருந்ததா. விடை கிடைத்ததும் அந்த நிலைமை மறுபடி வராதபடி வீட்டை மாற்றியமையுங்கள். சோறு தின்னும்போதும் தூங்கும்போதும் யாரும் நெருங்காதிருப்பது வீட்டுச் சட்டமாகட்டும். சிறு பிள்ளைகளையும் அஞ்சும் நாயையும் பெரியவர் கண்காணிப்பின்றி ஒரே அறையில் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. கதவில் தடுப்பு வைத்துவிடுவது மேல்.

பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கும் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் தரப்படுகிறது. இரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும். நாயை 10 நாள் கண்காணிப்பில் வைத்திருக்கச் சொல்வார்கள். அதைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

அறிகுறி: தனியாக விட்டால் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது

கூட்டமாக வாழ்ந்த நாய்க்குத் தனிமை புதிது. பழைய கைபேசியைக் கேமராவாக வைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் பதறத் தொடங்குகிறது என்பதே உங்கள் தொடக்க அளவு. அது 40 நொடி என்றால் 30 நொடியில் திரும்பிவிட வேண்டும். அங்கிருந்து மெதுவாக ஏற்றலாம். அந்தக் காலத்தில் அதிக நேரம் தனியாக விடாமல் இருக்க வீட்டார் முறை போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

அறிகுறி: வெடிக்கும் இடிக்கும் நடுங்கிப் போகிறது

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே வெடிக்க அனுமதி என்று அரசு அறிவித்து வருகிறது. எங்கள் தெருவில் அதற்குப் பத்து நாள் முன்பே தொடங்கி, கார்த்திகை வரை மிச்சம் மீதி வெடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கடிகாரத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

ஒலிப்பதிவைக் கொண்டு பழக்குவதானால் ஆடி மாதத்திலேயே தொடங்க வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு பயிற்சிக்கு நேரமில்லை, பாதுகாப்புக்குத்தான் நேரம் இருக்கும். வீட்டின் நடுவிலுள்ள, சன்னல் குறைந்த அறையில் திரைச்சீலை இட்டு, விசிறியையோ தொலைக்காட்சியையோ சீரான ஓசையோடு ஓடவிட்டு, அதன் போர்வையைக் கொண்டுவந்து போடுங்கள். அன்றைய வெளி நடையை விடியுமுன் முடித்துவிடுங்கள், இரட்டைக் கயிற்றோடு. நாய் மடியில் வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். சமாதானப்படுத்தினால் பயம் அதிகமாகும் என்பது தவறான நம்பிக்கை. பயம் ஓர் உணர்ச்சி, அது ஆறுதலால் வளராது. குளியலறையில் போய் ஒளிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

முன்பெல்லாம் அஞ்சாத, ஓரளவு வயதான நாய் திடீரென்று ஓசைக்கு அஞ்சத் தொடங்கினால் மூட்டு வலி இருக்கிறதா என்று பாருங்கள். வலியுள்ள நாய் ஓசை கேட்டுத் துள்ளும்போது வலி கூடி, ஓசையும் வலியும் அதன் மனத்தில் ஒன்றோடொன்று இணைந்துவிடலாம்.

அறிகுறி: நன்றாகத் தேறிவந்த நாய் திடீரெனப் பழைய நிலைக்குப் போய்விட்டது

பெரும்பாலும் ஒரே நாளில் பல அதிர்ச்சிகள் சேர்ந்திருக்கும்: காலையில் தடுப்பூசி, மதியம் தச்சு வேலை, மாலையில் விருந்தினர். தனித்தனியாக ஒவ்வொன்றையும் தாங்கியிருக்கும். இரண்டு மூன்று நாள் எந்தப் பயிற்சியும் இல்லாமல், முதல் வாரத்தில் இருந்த அமைதியைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு விட்ட இடத்துக்கு இரண்டு படி கீழிருந்து தொடங்குங்கள். நாள்தோறும் ஒரு வரி குறித்து வைத்திருந்தால் என்ன நடந்தது என்பது புரட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அறிகுறி: கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது

துரத்தாதீர்கள், கூட்டம் சேர்த்துக்கொண்டு பெயரைக் கூவாதீர்கள். அஞ்சிய நாய்க்குத் தன் பெயரும் விரட்டும் ஓசையாகிவிடும். கண்ணில் பட்டால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, வாசனையான தின்பண்டத்தைச் சுற்றிலும் போட்டுக்கொண்டு காத்திருங்கள். கண்ணில் படாவிட்டால், கடைசியாகக் கண்ட இடத்தில் நீங்கள் உடுத்திய, துவைக்காத துணியையும் அதன் போர்வையையும் வைத்துவிட்டு, ஆள் அரவம் அடங்கிய இரவிலும் விடியற்காலையிலும் ஒருவரோ இருவரோ மட்டும் போய்ப் பாருங்கள். தேநீர்க்கடைக்காரர், தூய்மைப் பணியாளர், தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர் ஆகியோரிடம் படத்தைக் கொடுத்து, பிடிக்க முயலாமல் தகவல் மட்டும் சொல்லும்படி கேளுங்கள்.

எப்போது மருந்து

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக முயன்றும் தின்பண்டச் சோதனையில் மாற்றமே இல்லையென்றால், அல்லது நாய் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது, தூங்குவதே இல்லை என்றால், அவ்வளவு காலம்கூடக் காத்திராமல், மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டிய நிலையிலேயே எந்நேரமும் இருக்கும் நாய் எதையும் கற்க முடியாது, மருந்து அதைக் கற்கக்கூடிய நிலைக்கு இறக்கித் தருகிறது. ஃபுளூவாக்சிடின், குளோமிப்ரமின் போன்றவை நாள்தோறும் தரப்படுபவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். டிரசோடோன், கபாபென்டின் போன்றவை தீபாவளி, மருத்துவமனைப் பயணம் போன்ற நேரங்களுக்கு முன்பு தரப்படுபவை. இவற்றைச் சாதாரண நாள் ஒன்றில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து அளவை உறுதி செய்துகொள்ள மருத்துவரிடம் கேளுங்கள். அசெப்ரோமசினை மட்டும் தனியாகத் தருவதாக இருந்தால் மறுபடி ஒருமுறை விளக்கம் கேளுங்கள்: அது உடலை அடக்குமே ஒழியப் பயத்தைத் தணிக்காது. அசையாமல் கிடந்தபடியே ஒவ்வொரு வெடியையும் நாய் கேட்டுக்கொண்டிருக்கும். நமக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ பாதியாக உடைத்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. நாள்தோறும் தரும் மருந்தை, நாய் தேறிவிட்டது என்று நாமாக ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் கால அளவில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். குறைக்கும் அந்த வாரங்களில் வீட்டு வேலைக்கு ஆள் மாற்றுவது, வெளியூர்ப் பயணம், புதுச் சோபா போன்றவற்றை ஒத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.